மணிலாக்கொட்டையும் போர்க்கப்பலும்: வணிகக் கப்பல்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு, செஞ்சிச் சீமையிலிருந்து ஒரு பார்வை

1940 ஜூன் மாதம் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது தென்னார்க்காடு மாவட்டத்து மண்டிகளில் மணிலாக்கொட்டை எனப்படும் நிலக்கடலையின் விலையும் சரிந்தது. செஞ்சி, வல்லம், திண்டிவனம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்த பருப்பு புதுச்சேரியிலும் கடலூரிலும் கப்பலேறி, மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர் ஒரே மாதத்தில் இல்லாமல் போனார். வேறு நாட்டுக்கு அனுப்பலாம் என்றால் கப்பல் கிடைக்கவில்லை. கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும், எதைக் கரையில் விட வேண்டும் என்பதை லண்டனில் இருந்த ஓர் அமைச்சகம் தீர்மானித்தது.

போர் வந்தால் தனியார் வணிகக் கப்பல்களை அரசு தன் ஆளுகைக்குள் கொண்டுவருவது உலகெங்கும் நடந்திருக்கிறது. அது நியாயமா, பயன் தந்ததா, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பவை நூறாண்டுகளாக விவாதிக்கப்படும் கேள்விகள். விவாதம் பெரும்பாலும் லண்டன், வாஷிங்டன் கோப்புகளை வைத்தே நடக்கிறது. கடலே தெரியாத வல்லம் போன்ற ஊரின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வியின் எடை வேறு இடத்தில் விழுகிறது.

கோட்டையும் கடலும்

செஞ்சி மலைக்கோட்டைதான் என்றாலும் அதன் அரசியல் எப்போதும் கடலோடு பிணைந்திருந்தது. தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிக்குள் இருந்த துறைகள். 1608இல் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய கிருஷ்ணப்ப நாயக்கரிடம் அனுமதி பெற்றபோது, அதைத் தடுக்கப் போர்த்துக்கீசியர் எல்லா வழிகளிலும் முயன்றார்கள். அன்று கடலில் போர்த்துக்கீசியர் வைத்திருந்த ஆயுதம் அனுமதிச் சீட்டு. அவர்களிடம் சீட்டு வாங்காமல் போகும் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். சீட்டில் போகும் துறையும், ஏற்றக் கூடாத சரக்கும் எழுதப்பட்டிருக்கும். பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதே முறையைக் கையாண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் கப்பல் உரிமத்துக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

அடுத்த நூற்றாண்டில் வணிகக் கப்பலே போர்க்கப்பல் ஆனது. 1745இல் கமடோர் பார்னெட்டின் ஆங்கிலக் கப்பற்படை இந்துமாக் கடலில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. புதுச்சேரி ஆளுநர் டூப்ளே சென்னையோடு நடுநிலை உடன்பாடு காண முயன்றார். ஆனால் ஆங்கிலக் கம்பெனி கொடுக்கும் வாக்கு ஆங்கிலக் கடற்படையைக் கட்டுப்படுத்தாது. பதிலுக்குப் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே மொரீஷியஸில் பிரெஞ்சுக் கம்பெனியின் சரக்குக் கப்பல்களில் பீரங்கிகளை ஏற்றி, 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்தார். வணிகக் கப்பலை அரசு போருக்கு எடுத்துக்கொள்ளும் காட்சியைச் சோழமண்டலக் கரை அன்றே கண்டுவிட்டது. சொந்தமாகக் கப்பல் வைத்திருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை என்ற கவலை அரசியல் செய்திகளுக்கு இணையாகப் பதிவாகியிருப்பதில் வியப்பில்லை.

1750இல் தளபதி புஸ்ஸி பிடித்த செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். 1759இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷே தன் கப்பற்படையோடு இந்தக் கரையை விட்டுப் போனபின் புதுச்சேரிக்கு உதவி வரும் கடல்வழி அடைபட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. ஏப்ரலில் செஞ்சியும் கைமாறியது. ஏறுவதற்குக் கடினமான மலைக்கோட்டை, கடல் மூடியதால் விழுந்தது.

நான்கு பிடிகள்

நவீன அரசு வணிகக் கப்பலை நான்கு வகையில் பிடிக்கிறது. முதலாவது உரிமம்: கப்பல் உரிமையாளர் கையிலேயே இருக்கும், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அரசின் அனுமதி வேண்டும். இரண்டாவது கையகப்படுத்தல்: அரசு நிர்ணயித்த வாடகைக்குக் கப்பல் அரசின் வேலையைச் செய்யும். மூன்றாவது சரக்கு முன்னுரிமை: எந்தப் பண்டத்துக்கு எத்தனை டன் இடம் என்று பட்டியல் போடுவது. நான்காவது வழியும் காவலும்: தனியே போகக் கூடாது, கான்வாயாகப் போர்க்கப்பல்களின் காவலோடு குறித்த பாதையில் போக வேண்டும். போர் இடருக்கான காப்பீட்டை அரசே ஏற்பதும் இதோடு சேரும். காப்பீடு இல்லாமல் எந்த உரிமையாளரும் கப்பலைத் துறையிலிருந்து அவிழ்க்க மாட்டார்.

முதல் இரண்டும் நான்காவதும் கப்பல் முதலாளியின் விவகாரம். நஷ்டமானால் ஈடு கேட்க அவருக்குச் சட்டம் இருந்தது. மூன்றாவது பிடி உழவரையும் உண்பவரையும் தொடுகிறது. மார்செய்லுக்குப் போகாத மூட்டைக்கு யாரும் ஈடு தரவில்லை.

முதல் உலகப் போர்: சந்தையிலிருந்து அமைச்சகத்துக்கு

1914இல் பிரிட்டன் கப்பல் தொழிலை முழுதாகக் கையில் எடுக்கவில்லை. படைகளுக்குத் தேவையான கப்பல்களை மட்டும் நிர்ணய வாடகைக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சந்தைக்கு விட்டது. விளைவு விபரீதமானது. கடலில் கப்பல் குறையக் குறைய வெளிச்சந்தையில் சரக்குக் கட்டணம் பல மடங்கு ஏறியது. அரசுக்கு உழைத்த கப்பலின் முதலாளி குறைந்த வாடகை வாங்க, பக்கத்துத் துறையில் நின்ற கப்பலின் முதலாளி கொள்ளை லாபம் அடித்தார். 1915 இறுதியில் உரிமக் குழு வந்தது. 1916 ஜனவரியில் முன்னாள் வைஸ்ராய் கர்சன் தலைமையில் கப்பல் கட்டுப்பாட்டுக் குழு அமைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கப்பல் அமைச்சகமே தோன்றி, ஜோசப் மேக்லே கட்டுப்பாட்டாளர் ஆனார்.

1917 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எந்தக் கப்பலையும் எச்சரிக்காமல் தாக்கத் தொடங்கின. ஏப்ரல் ஒரே மாதத்தில் உலகக் கப்பல்கள் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் மூழ்கின. கான்வாய் முறையும் பெரிய கப்பல் கம்பெனிகளின் கப்பல்களை மொத்தமாகக் கையகப்படுத்தும் திட்டமும் அந்த நெருக்கடியில் வந்தவை. போரின் கடைசி ஆண்டில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா சேர்ந்து நேச நாட்டுக் கடல் போக்குவரத்துக் குழுவை நடத்தின. அதில் பணியாற்றிய ஆர்தர் சால்டர் 1921இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை ஆவணம். நாடுகள் தத்தம் இறக்குமதித் தேவையை ஒரே மேசையில் வைத்து ஒன்றையொன்று சோதித்துக்கொண்டதே வெற்றியின் காரணம் என்பது அவர் கொண்ட முடிவு. அக்குழுவில் பிரான்ஸின் சார்பில் உழைத்த ழான் மோனே பிற்காலத்தில் ஐரோப்பிய ஒன்றிணைப்பின் சிற்பிகளில் ஒருவரானார்.

அந்த மேசையில் இந்திய விவசாயியின் சார்பில் பேச யாரும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை நம் மக்கள் மறக்கவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் அதே கப்பல் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்ததால் கப்பல் போக்குவரத்து உறைந்துபோனதுதான் வணிகத்துக்கு விழுந்த பெரிய அடி. எம்டன் நவம்பரில் அழிந்தது. கப்பல் பஞ்சம் அழியவில்லை. 1917, 1918 ஆண்டுகளில் மணிலாக்கொட்டை ஏற்றுமதி மிகவும் சுருங்கியது. அரிசி, கோதுமை, தோல், சணல் ஆகியவை பட்டியலில் முந்திக்கொண்டன.

கணக்கு ஏன் கொட்டைக்கு எதிராக இருந்தது?

இதைப் பகை என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பு பிரிட்டனுக்கு வேண்டிய பண்டம்தான். மார்கரினுக்கு எண்ணெய் வேண்டும். வெடிமருந்துக்கான கிளிசரின் கொழுப்பிலிருந்து கிடைக்கிறது. ஆனால் கப்பல் அமைச்சகத்தின் கணக்கு டன்னை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு டன் சரக்கை எடுத்துவர ஒரு கப்பல் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று பார்க்கும். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வணிகக் கப்பல்களுக்கு ஏறத்தாழ மூடியது. பம்பாயிலிருந்து சூயஸ் வழியே லண்டனுக்குச் சுமார் 6,300 கடல் மைல்; ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினால் பத்தாயிரத்துக்கும் மேல். நைஜீரியாவில் விளையும் அதே கடலை பாதித் தூரத்தில் கிடைக்கும்போது சென்னைக்குக் கப்பல் அனுப்புவது வீண் என்று கணக்கு சொன்னது.

கணக்கு சரி. ஆனால் தென்னார்க்காட்டு உழவர் இந்தப் பயிருக்கு வந்தது தற்செயலாக அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்செய்லின் தேவையும் ரயிலும் வரி செலுத்தப் பணம் வேண்டிய நெருக்கடியும் சேர்ந்து அவரைப் பணப்பயிருக்குத் தள்ளின. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில்பாதை வந்தபின் உள்நாட்டு மூட்டைக்கும் பிரெஞ்சுத் துறைமுகத்துக்கும் இடைவெளி குறைந்தது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் டிஎம்வி ரகங்களை உருவாக்கியதும் இந்த வணிகத்தை நம்பித்தான். ஓர் அரசு உலகச் சந்தைக்காகப் பயிரை மாற்றச் செய்து, இன்னொரு நாள் அந்தச் சந்தைக்குப் போகும் கப்பலை எடுத்துக்கொள்ளும்போது, இடையில் நிற்பவருக்கு அந்த அரசு எதுவும் கடன்படவில்லையா? கணக்குப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

1942: வங்கக் கடல் மூடியது

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தாமதிக்கவில்லை. 1939 அக்டோபரில் கப்பல் அமைச்சகம் மீண்டும் வந்தது. 1940 முதல் பெரும்பாலான கப்பல்கள் கையகப்படுத்தப்பட்டன. 1941 மே மாதம் அது போர்ப் போக்குவரத்து அமைச்சகமாகி லார்ட் லெதர்ஸ் பொறுப்பேற்றார். அமெரிக்கா 1942 பிப்ரவரியில் போர்க் கப்பல் நிர்வாகத்தை அமைத்தது. அமெரிக்கக் கப்பல் தளங்கள் 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளின.

தமிழகம் இந்தப் போரை உணர்ந்தது ரங்கூன் வழியே. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தவுடன் சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் கொச்சியும் இலங்கையும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. பர்மா மண்ணெண்ணெயும் நின்றது. ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் வங்கக் கடலில் மூழ்கின. சென்னையைக் காலிசெய்யும் அளவுக்குப் பீதி பரவியது. கிழக்குக் கரைத் துறைமுகங்களைக் கப்பல்கள் தவிர்த்தன.

இதன்பின் நடந்தது ஒரு சங்கிலித் தொடர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி ரயிலுக்கு மாறியது. ரயில் வண்டிகள் நிலக்கரிக்கும் படைக்கும் போக, விளைபொருளுக்கு வண்டி கிடைக்கவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி பஸ் ஓடியது. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் கூப்பன் வந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வராமல் போனதன் விளைவை, துறைமுகத்தையே பார்த்திராத ஊர்களின் அடுப்படியில் கண்டார்கள்.

1943: கப்பலும் பஞ்சமும்

இந்தத் துறையின் மிகக் கசப்பான விவாதம் வங்கப் பஞ்சத்தைப் பற்றியது. 1943 ஜனவரியில் சர்ச்சிலின் முடிவுப்படி இந்துமாக் கடலுக்கான மாதாந்தரப் பயணங்கள் பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டு, கப்பல்கள் அட்லாண்டிக்குக்குத் திருப்பப்பட்டன. பிரிட்டனின் சொந்த இறக்குமதியும் வட ஆப்பிரிக்கப் போரும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று வங்க டெல்டாவில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய நாட்டுப் படகுகளை அரசு அப்புறப்படுத்தியிருந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் பயனற்றுப் போயின. மீனவரும் நெல் ஏற்றியவரும் பிழைப்பை இழந்தார்கள். பஞ்சத்தில் மாண்டவர்கள் 15 லட்சம் என்றது 1945இன் விசாரணைக் குழு. பிற்கால ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள்.

ஆய்வாளர்களிடையே மூன்று நிலைகள் உண்டு. கப்பல் உண்மையிலேயே இல்லை, எங்கு எடுத்தாலும் எங்கோ குறையும் என்பது முதல் நிலை. கப்பல் இருந்தது, மனம் இல்லை என்பது 2010இல் மதுஸ்ரீ முகர்ஜி எழுதிய நூலின் குற்றச்சாட்டு. உணவின் மொத்த அளவைவிட, விலையேற்றத்தில் ஏழைகள் வாங்கும் சக்தியை இழந்ததே பஞ்சத்தின் வேர் என்றார் 1981இல் அமர்த்தியா சென். பிரிட்டனின் அதிகாரபூர்வப் போர் வரலாற்று வரிசையில் வணிகக் கப்பல் பற்றி எழுதிய பெஹ்ரென்ஸ் அம்மையாரே, இந்துமாக் கடல் கப்பல்களைத் திடீரென வெட்டியது அந்தக் கரை நாடுகளின் வாழ்வை உலுக்கியது என்பதை மறைக்கவில்லை.

மூன்று நிலைகளும் ஒன்றையொன்று முழுதாக மறுப்பவை அல்ல என்பது என் கருத்து. கப்பல் பற்றாக்குறை உண்மை. அதைப் பங்கிட்ட வரிசையில் இந்தியா கடைசியில் நின்றதும் உண்மை. கோதுமை ஏற்றிய சில கப்பல்கள் முன்கூட்டியே வந்திருந்தால், வந்த சரக்கின் அளவைவிட, வரும் என்ற செய்தியே பதுக்கலை உடைத்திருக்கும். சென்னின் வாதம் கப்பலின் பங்கைக் குறைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது.

கப்பலில் இருந்தவர்கள்

கப்பலை எடுத்த அரசு அதில் இருந்த மனிதரையும் எடுத்தது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்திய மாலுமி. வெள்ளை மாலுமியின் கூலியில் அவருக்குக் கிடைத்தது சிறு பங்கு. 1939 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கூலி உயர்வும் போர்ப்படியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். கூலி ஓரளவு உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் இறந்தார்கள்.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு கப்பல்கள் ரோனாவும் ரஜூலாவும். இரண்டும் 1926இல் கட்டப்பட்டுச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் தோட்டத் தொழிலாளரை ஏற்றி இறக்கியவை. போரில் இரண்டும் படை ஏற்றும் கப்பல்களாகின. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரையருகே ஜெர்மன் வழிகாட்டு குண்டு பட்டு ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். ரஜூலா தப்பித்துத் திரும்பி 1973 வரை மலாயாத் தமிழரைச் சுமந்தது.

கட்டுப்பாடு என்றால் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் வெடித்த ஃபோர்ட் ஸ்டிக்கின், போர்ப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலையில் இருந்த கப்பல். இடப் பஞ்சத்தில் வெடிமருந்தின் அருகிலேயே பஞ்சுப் பொதிகளையும் ஏற்றச் சொன்னார்கள். கப்பல் தலைவரின் எதிர்ப்பு எடுபடவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

கொடி யாருடையது?

இந்தியாவுக்கு அந்த மேசையில் குரல் இல்லாமல் போனதற்கு அடிமை நாடு என்பது முதல் காரணம். சொந்தக் கப்பல் இல்லை என்பது இரண்டாவது. தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியை ஆங்கிலேய ஆட்சி என்ன செய்தது என்பது தமிழர் அறிந்தது. 1919இல் தொடங்கிய சிந்தியா கம்பெனி பிரிட்டிஷ் கம்பெனிகளின் கட்டணப் போட்டியில் திணறிப் பிழைத்தது. அதன் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏப்ரல் 5தான் இன்று தேசியக் கடல்சார் நாள். விடுதலை வந்தபோது இந்தியக் கொடியுடன் இருந்தவை 59 கப்பல்கள், சுமார் 1.92 லட்சம் டன் மட்டுமே.

விடுதலை பெற்ற அரசு போரில் பட்ட பாட்டைச் சட்டமாக்கியது. 1947இல் கப்பல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; 1958இன் வணிகக் கப்பல் சட்டம் அதை உள்வாங்கியது. அதன்படி உரிமம் இல்லாமல் இந்தியக் கப்பல் கடலில் இறங்க முடியாது என்றிருந்தது. எந்தத் துறைக்குப் போவது, எந்தச் சரக்குக்கு முன்னுரிமை என்று உத்தரவிடும் அதிகாரம் அமைதிக் காலத்திலும் கப்பல் துறைத் தலைமை இயக்குநரிடம் இருந்தது. 2025இல் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியதை நிறைவேற்றியது.

பிடி இருக்கிறது, பிடிக்கக் கப்பல் குறைந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில் சுமார் 40 விழுக்காடு இந்தியக் கொடிக் கப்பல்களில் போனது. இன்று பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேறு நாட்டுக் கொடியில் ஓடும் கப்பலுக்கு நம் அரசின் உத்தரவு செல்லாது. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் குயின் எலிசபெத்-2 போன்ற பயணிக் கப்பல்களைச் சில நாட்களில் கையகப்படுத்த முடிந்தது, அவை பிரிட்டிஷ் கொடியில் இருந்ததால். 2019 முதல் நம் கடற்படை வளைகுடாவில் இந்தியக் கொடிக் கப்பல்களுக்குக் காவல் தருகிறது. நம் சரக்கில் பெரும்பகுதியோ அந்தக் கொடியின்கீழ் இல்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று எண்ணெய் வித்தை அனுப்பிய நாடு இன்று சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2022இல் கருங்கடல் துறைமுகங்கள் மூடியபோது சூரியகாந்தி எண்ணெயின் விலை செஞ்சி மளிகைக் கடையிலும் ஏறியது. விற்கக் கப்பல் கேட்ட ஊர் இப்போது வாங்கக் கப்பலை எதிர்பார்க்கிறது.

முடிவாக

போர்க்காலத்தில் வணிகக் கப்பலை அரசு எடுத்துக்கொள்வது தவறு என்று வரலாறு சொல்லவில்லை. 1914–16இன் அனுபவம் நேர்மாறானது: சந்தைக்கு விட்டால் கப்பல் அதிக லாபம் தரும் பக்கம் போகும், அவசியமான பக்கம் போகாது. கான்வாயும் கூட்டுக் குழுவும் இல்லாமல் இரண்டு போர்களிலும் நேச நாடுகள் பிழைத்திருக்க முடியாது. தோற்றது பங்கீடு. சால்டர் புகழ்ந்த அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குள் நியாயம் நடந்தது. மேசைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

ஆகவே இன்றைய அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. நெருக்கடியில் கப்பல் இடத்தைப் பங்கிடும் குழுவில் மாநிலங்களும் விளைவிப்போரும் உணவுத் துறையும் உட்கார வேண்டும். கப்பல் முதலாளிக்கு ஈடு தரும் சட்டம், கப்பல் மறுக்கப்பட்ட பயிருக்குக் கொள்முதல் உறுதியும் மாலுமியின் குடும்பத்துக்கு முழுக் காப்பீடும் தர வேண்டும். உணவு, எரிபொருள், உரம் மூன்றையும் சுமக்கும் அளவுக்காவது சொந்தக் கொடியில் கப்பல்கள் வேண்டும். இவை அமைதிக் காலத்தில் செய்ய வேண்டிய வேலைகள். போர் தொடங்கிய பிறகு எந்த அரசுக்கும் அவற்றுக்கு நேரம் இருந்ததில்லை.